பூச்சாண்டிக்கு எதற்கு வெள்ளை கோட்டு?

"ஒழுங்கா சாப்பிடு... இல்லைன்னா டாக்டர் மாமாகிட்ட சொல்லி பெரிய ஊசியா போடச் சொல்லிடுவேன்!"

இந்த வசனத்தை ஒரு தடவைகூட சொல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்கிறதா? இருந்தால் விலாசம் கொடுங்கள். மாலையோடு போய் நிற்கலாம்.

அந்தக் காலத்துப் பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன், மூணு கண்ணன் எல்லாரும் ரிட்டையர் ஆகிவிட்டார்கள். ஃபிளாட் வாசலில் வாட்ச்மேன் இருப்பதால் அவர்களால் உள்ளே வர முடியாது என்று குழந்தைகளுக்கே தெரிந்துவிட்டது. அதனால் அந்தக் காலி இடத்துக்கு நாம் டாக்டரை நியமித்துவிட்டோம். சாப்பிடாவிட்டால் ஊசி, தூங்காவிட்டால் ஊசி, ஹோம்வொர்க் எழுதாவிட்டால் ஊசி! மருந்து என்பது தண்டனை, ஆஸ்பத்திரி என்பது ஜெயில், டாக்டர் என்பவர் இன்ஸ்பெக்டர். இரண்டு வயதிலிருந்தே இந்தப் பாடத்தை நடத்திவிடுகிறோம்.

சாதாரண ஜுரத்துக்குப் போகிற வரை இதனால் பெரிய ஆபத்து இல்லை. பிள்ளை கொஞ்சம் கத்தும், நாமும் கொஞ்சம் கத்துவோம், டாக்டர் ஒரு மிட்டாய் கொடுப்பார், முடிந்தது கதை. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் வெறும் ஜுரம் மட்டும்தான் வரும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்ன?

ரத்தப் புற்றுநோயை எடுத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகைக்கு சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நடக்கிறது. கையில் நரம்பு தேடிக் குத்துவார்கள், எலும்புக்குள் ஊசி போட்டு மஜ்ஜை எடுப்பார்கள், முதுகுத் தண்டில் ஊசி வழியாக மருந்து செலுத்துவார்கள். தலாசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். முதல் வகை சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு தினமும் நான்கு ஊசி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 1,460 ஊசி. சர்க்கரை அளவு பார்க்க விரலில் குத்துவது தனிக் கணக்கு.

இப்போது அந்தக் குழந்தையின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். தப்பு செய்தால்தான் ஊசி என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள். இப்போது தினம் தினம் ஊசி. அப்படியானால் நான் எவ்வளவு பெரிய தப்பு செய்திருக்கிறேன்?

நாலு வயதுக் குழந்தை இப்படித்தான் கணக்குப் போடும். அந்த வயதில் தனக்கு எது நடந்தாலும் அதற்குத் தானே காரணம் என்று நினைப்பது இயல்பு. அந்தக் கணக்குக்குத் தேவையான சூத்திரத்தை நாமே ஊட்டி விட்டிருக்கிறோம், சோற்றோடு சேர்த்து.

சரி, வீட்டில்தான் இப்படி. ஆஸ்பத்திரிக்குள் என்ன நடக்கிறது? முதலில் பொய். "வலிக்கவே வலிக்காதுடா செல்லம், எறும்பு கடிக்கிற மாதிரிதான்!" அடுத்த நொடி நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடிக்கிறார்கள். எறும்பு கடிப்பதற்கு நாலு பேர் ஏன் அமுக்கிப் பிடிக்க வேண்டும் என்று குழந்தை கேட்காது. ஆனால் அன்றோடு அம்மாவின் வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும். இனிமேல் "ஒண்ணும் ஆகாது" என்று அவள் சொன்னால் அதற்கு அர்த்தம், ஏதோ ஆகப்போகிறது.

அடுத்தது உறவுக்காரர்கள். ஒரு கையில் ஆப்பிள், ஒரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், முகத்தில் துக்க வீட்டுக்களை. கட்டிலைச் சுற்றி நின்று "இந்த வயசுல இதுக்கு இப்படியா..." என்று உச்சுக்கொட்டல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே ஏதோ பார்ப்பார். குழந்தைக்கு மட்டும் ஒன்றும் தெரியாதாம்!

தெரியாதா? அமெரிக்காவில் மைரா ப்ளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1970-களில் ரத்தப் புற்றுநோய் வார்டில் மாதக்கணக்கில் குழந்தைகளோடு இருந்து பார்த்தார். மூன்று வயது முதல் ஒன்பது வயது வரையிலான குழந்தைகள். யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே அவர்களுக்குத் தங்கள் நோயின் தீவிரம் தெரிந்திருந்தது, சாகப்போகிறோம் என்பது உள்பட. அதைவிட நெஞ்சை அறுக்கும் விஷயம், தங்களுக்குத் தெரியும் என்பதை அவர்கள் பெற்றோரிடம் மறைத்தார்கள். அப்பா அம்மா வருத்தப்படக் கூடாதே என்று! 1978-ல் இது புத்தகமாக வந்தது. குழந்தைக்காகப் பெரியவர்கள் நடிக்கிறார்கள், பெரியவர்களுக்காகக் குழந்தை நடிக்கிறது. ஒரு கட்டிலைச் சுற்றி மொத்தக் குடும்பமும் நாடகம் போடுகிறது, சிரிப்பு மட்டும் இல்லாத நாடகம்.

டாக்டர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? 1980-கள் வரை, பச்சைக் குழந்தைக்கு வலியே தெரியாது என்று மருத்துவ உலகில் பெரிய பெரிய தலைகள் நம்பிக்கொண்டிருந்தன. பிறந்து சில நாளான சிசுக்களுக்குப் போதிய வலி மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்தார்கள். அசையாமல் இருக்க மட்டும் ஒரு மருந்து! இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போன கே.ஜே.எஸ்.ஆனந்த் என்ற டாக்டர் 1987-ல் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த மூடநம்பிக்கையை உடைத்தன. வலி தெரியும், நன்றாகவே தெரியும், சரியான வலி மருந்து கொடுத்தால் குழந்தை சீக்கிரம் தேறுகிறது என்று அவர் காட்டினார். குழந்தையின் வலியை ஒப்புக்கொள்ளவே மருத்துவத்துக்கு இத்தனை காலம் பிடித்தது. குழந்தையின் பயத்தை ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை காலமோ?

இந்த இடத்தில்தான் ஒரு கோமாளி உள்ளே வருகிறார். நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸ் என்று ஒரு கம்பெனி. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான மைக்கேல் கிறிஸ்டென்சன் 1986-ல் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கோமாளி டாக்டராகப் போனார். ஸ்டெதஸ்கோப், வெள்ளை கோட்டு, சிவப்பு மூக்கு. வார்டில் நடக்கும் அத்தனை பயங்கரத்தையும் அவருடைய குழு கிண்டல் செய்தது. ரத்தம் ஏற்றுகிறீர்களா? நாங்கள் சாக்லெட் பால் ஏற்றுகிறோம். உறுப்பு மாற்று ஆபரேஷனா? நாங்கள் சிவப்பு மூக்கு மாற்று ஆபரேஷன் செய்கிறோம். கேட் ஸ்கேனா? இதோ, பூனையை வைத்தே ஸ்கேன்!

அவரோடு வேலை பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் ஊர் ஊராகப் பிரிந்து போனார்கள். 1991-ல் பாரீஸில் கரோலின் சைமண்ட்ஸ் ஒரு குழு தொடங்கினார். அதே ஆண்டு பிரேசிலின் சாவோ பாவ்லோவில் வெலிங்டன் நொகெய்ரா இன்னொன்றைத் தொடங்கினார். பொழுதுபோகாமல் வந்த தன்னார்வலர்கள் இல்லை இவர்கள். பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்கும் நாடக, சர்க்கஸ் கலைஞர்கள். வார்டுக்குள் நுழையுமுன் நர்ஸிடம் உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் நிலையையும் கேட்டுக்கொண்டு, கையைச் சுத்தம் செய்துகொண்டு, ஜோடியாகப் போவார்கள்.

போய் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? வாசலில் நின்று கேட்பார்கள்: "உள்ளே வரலாமா?"

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் குழந்தையைக் கேட்டுக்கொண்டு யாராவது உள்ளே வருகிறார்களா? டாக்டர் வருவார், நர்ஸ் வருவார், ரத்தம் எடுப்பவர் வருவார், பெருக்குபவர் வருவார், சட்டையைத் தூக்குவார்கள், திருப்பிப் போடுவார்கள், குத்துவார்கள். அந்தக் குழந்தையின் உடம்பு அதற்குச் சொந்தமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு ஆசாமி அனுமதி கேட்கிறான். "வராதே, போ!" என்று குழந்தை கத்தினால் உடனே போய்விடுகிறான், அதுவும் கதவில் முட்டிக்கொண்டு விழுந்து எழுந்து! நாள் முழுக்க யாரையும் தடுக்க முடியாத அந்தக் குழந்தை முதல் முறையாக ஒருத்தனைத் துரத்தி ஜெயிக்கிறது. மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து இது. இன்னொன்று, கோமாளிக்கு ஒன்றுமே தெரியாது. ஸ்டெதஸ்கோப்பை முழங்காலில் வைத்துப் பார்ப்பான். "ஐயோ லூசு, நெஞ்சுல வைக்கணும்!" என்று குழந்தை அவனுக்குப் பாடம் நடத்தும். நோயாளி டாக்டராகிவிடுகிறது.

"இதெல்லாம் கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆதாரம் உண்டா?" என்கிறீர்களா? உண்டு. இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரின் மேயர் குழந்தைகள் மருத்துவமனையில் செய்த ஆய்வு 2005-ல் வெளியானது. ஆபரேஷனுக்குப் போகும் ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையிலான 40 குழந்தைகள். பாதிப் பேரோடு அம்மா அல்லது அப்பா மட்டும். மீதிப் பாதிப் பேருக்கு அவர்களோடு கோமாளிகளும். கோமாளி கூட இருந்த குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பதற்றம் வெகுவாகக் குறைந்திருந்தது.

கதை அதோடு முடியவில்லை. அந்த ஆபரேஷன் தியேட்டர் ஊழியர்களிடம், இதைத் தொடரலாமா என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள்! குழந்தைக்கு நல்லதுதான், ஆனால் எங்கள் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றார்கள். இத்தாலியாவது, இந்தியாவாவது... ஆஸ்பத்திரி யாருக்காக நடக்கிறது என்ற கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரே பதில்தான் போலிருக்கிறது.

நம் சுவர்களையே பாருங்களேன். உதட்டில் விரல் வைத்து 'உஷ்' சொல்லும் படம், அதற்குக் கீழே 'அமைதி காக்கவும்'. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் கடகடக்கும், செல்போன் அலறும், வார்டு பாய் கத்துவார், யாருக்கும் கவலை இல்லை. ஒரு குழந்தை கலகலவென்று சிரித்துவிட்டால் மட்டும் "ஏம்மா, இது என்ன பார்க்கா?" என்று அதட்டல். வாராவாரம் பத்திரிகையில் டாக்டர் ஜோக், நர்ஸ் ஜோக் இல்லாமல் நமக்குப் பொழுது விடியாது. 2004-ல் 'வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கட்டிப்புடி வைத்தியத்தைப் பார்த்துக் கைதட்டினோம், கோபம் வரும்போதெல்லாம் சிரித்துத் தொலைக்கும் டீனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிட்டோம். பெரியவனுக்கு ஆஸ்பத்திரி காமெடி, குழந்தைக்கு மட்டும் சீரியஸ்!

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்ற பழமொழியைத் தூக்கிக்கொண்டு யாரும் என் பக்கம் வர வேண்டாம். போகாது. சிரித்தால் ரத்தப் புற்றுநோய் போகாது. அதற்கு மருந்து வேண்டும், நல்ல டாக்டர் வேண்டும், பாதியில் நிறுத்தாத சிகிச்சை வேண்டும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் நாலு லட்சம் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவிகிதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் 30 சதவிகிதம்கூடத் தேறுவதில்லை. அந்த வித்தியாசம் சிரிப்பால் வந்ததல்ல. அமெரிக்கப் பத்திரிகையாளர் நார்மன் கசின்ஸ், காமெடிப் படம் பார்த்துப் பத்து நிமிஷம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று 1979-ல் புத்தகம் எழுதினார். அது அவருடைய அனுபவம். அதைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்லி 'சிரிப்பு வைத்தியம்' விற்க வருகிறவனை நம்பாதீர்கள்.

சிரிப்பு விரட்டுவது நோயை அல்ல, பயத்தை. 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு 24 ஆய்வுகளை, 1,612 குழந்தைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை என்றாலும், மருத்துவமனைக் கோமாளிகளால் குழந்தைகளின் பதற்றம் குறைகிறது என்பது தெரிந்தது. இரண்டு மூன்று வருஷம் ஆஸ்பத்திரி வாசலே கதியாக வாழ வேண்டிய குழந்தைக்கு அது சின்ன விஷயமா? பிழைக்கப்போகிற குழந்தைக்கு அந்த மூன்று வருஷமும் அதன் பால்யம்தான். பிழைக்காத குழந்தைக்கோ, அது மட்டும்தான் பால்யம்.

உடனே பரபரவென்று கிளம்பிவிடாதீர்கள். நவம்பர் 14 அன்று சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு, பலூன் கொடுத்து, மொட்டைத் தலைக் குழந்தைகளைச் சுற்றி நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற கூட்டம் ஏற்கெனவே இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டைக் குழந்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும், நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டும், கேமரா கிளிக் ஆகும் வரை! அது சிரிக்க வைப்பது இல்லை, சிரிக்கச் சொல்லி மிரட்டுவது. எல்லாக் குழந்தைக்கும் கோமாளியும் பிடிக்காது. 2008-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர், ஆஸ்பத்திரிச் சுவர்களில் என்ன படம் வரையலாம் என்று நாலு முதல் பதினாறு வயது வரை 250 குழந்தைகளைக் கேட்டபோது, கோமாளிப் படம் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அதனால்தான் அந்த வாசல் கேள்வி முக்கியம். அனுமதி கேட்காத கோமாளியும் இன்னொரு பூச்சாண்டிதான்.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. டெல்லியில் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில் தன்னார்வலர்கள் கோமாளி வேடத்தோடு போயிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஆரோவில்லில் மெடிக்ளவுன் அகாடமி என்று ஒன்று இதற்காகவே பயிற்சி கொடுத்தது. ஆனால் யாரோ நாலு நல்லவர்கள் வந்தால்தான் உண்டு என்கிற நிலையில் இருக்கிற வரை, அது தர்மம்தான். நான் கேட்பது உரிமை.

கோமாளி வரும் வரை வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. வயதுக்கு ஏற்ற சிரிப்பு இருக்கிறது. கைக்குழந்தைக்கு முகத்தை மூடித் திறந்தாலே போதும். இரண்டு, மூன்று வயதுக்கு எல்லாமே தலைகீழாக இருக்க வேண்டும். செருப்பை எடுத்துத் தலையில் தொப்பி மாதிரி வையுங்கள், மருந்தைக் கரடி பொம்மைக்குக் கொடுத்து அது 'உவ்வே' என்று துப்பட்டும். நாலு, ஐந்து வயதுக்கு 'குசு' என்ற ஒரே வார்த்தை போதும், அரை மணி நேரம் ஓடும். முகம் சுளிக்காதீர்கள், இது அந்த வயதின் இலக்கியம்! ஏழு, எட்டு வயதுக்கு மேல் விடுகதையும் கடி ஜோக்கும். அதை நீங்கள் சொல்வதைவிட, அது உங்களைக் கடிக்கட்டும், நீங்கள் "ஐயோ!" என்று அலறுங்கள்.

ஒரே ஒரு விதி. ஊசியைக் கிண்டல் செய்யலாம், நோயைக் கிண்டல் செய்யலாம், ஆஸ்பத்திரி இட்லியை, டாக்டரின் கையெழுத்தை, அப்பாவின் குறட்டையைக் கிண்டல் செய்யலாம். குழந்தையை மட்டும் செய்யக் கூடாது. முடி கொட்டிய தலையைப் பார்த்து "என்னடா மொட்டை பாஸ்!" என்று நீங்கள் ஆரம்பிக்காதீர்கள். அதுவாகத் தன்னைப் பார்த்து ஜோக் அடித்தால் கூடச் சேர்ந்து சிரியுங்கள். அப்போது கண்ணைக் கசக்கிவிட்டால் அந்த வாசலையும் அதற்குச் சாத்திவிடுவீர்கள்.

"அழ வேண்டிய குழந்தையையும் சிரிக்கச் சொல்லணுமா?" என்று கேட்கலாம். கூடவே கூடாது. "ஆம்பளைப் புள்ள அழலாமா?" என்பதும் அராஜகம், "சிரி, சிரி" என்பதும் அராஜகம். வலித்தால் அழட்டும். வலிக்கும் என்று முன்பே உண்மையைச் சொல்லுங்கள், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்னவர் அடிக்கும் ஜோக்குக்குத்தான் குழந்தை சிரிக்கும்.

"டாக்டருக்கு நேரம் எங்கே, ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கே?" இது அடுத்த கேள்வி. நாலு பேர் அமுக்கிப் பிடித்து இருபது நிமிஷம் போராடுவதற்கு நேரம் இருக்கிறது, இரண்டு நிமிஷம் சோப்பு நுரைக் குமிழி ஊதுவதற்கு நேரம் இல்லையா? 1994-ல் அமெரிக்காவில் 100 குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். ரத்தம் எடுக்கும்போது கலைடாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு வலியும் குறைவாகத் தெரிந்தது, அழுகையும் குறைந்தது. நம் கோயில் திருவிழாக் கடையில் விற்கிற, கண்ணாடி வளையல் துண்டு போட்ட அதே குழல்தான்!

ஆகவே, கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். தீவிர நோய்க்கு சிகிச்சை தரும் ஒவ்வொரு குழந்தைகள் வார்டிலும் விளையாட ஓர் இடம் வேண்டும், அங்கே ஊசிக்கு அனுமதி இல்லை. ஊசி போட ஓர் அறை தனியாக வேண்டும், கட்டிலாவது குழந்தைக்குப் பயமில்லாத இடமாக இருக்கட்டும். குத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பைத் தடவ வேண்டும். ஊசி போடும்போது அம்மாவை வெளியே துரத்தக் கூடாது. மருத்துவ, நர்ஸிங் மாணவர்களுக்கு நரம்பு எங்கே என்று சொல்லிக்கொடுப்பதோடு, நரம்பைத் தேடும்போது குழந்தையிடம் என்ன பேச வேண்டும் என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தெருக்கூத்துக் கட்டியங்காரனிலிருந்து சின்னத்திரை காமெடியன் வரை சிரிக்க வைக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமா? அவர்களில் சிலருக்கு முறையான பயிற்சி கொடுத்து, அரசாங்கமே சம்பளம் கொடுத்து வார்டுக்கு அனுப்பட்டும்.

இதெல்லாம் ஆடம்பரம் என்று எந்த அதிகாரியாவது சொன்னால், ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவை எடுத்து நீட்டுங்கள். விளையாடுவது குழந்தையின் உரிமை என்கிறது அது. 1992-ல் இந்தியா அதை ஏற்றிருக்கிறது. 'நோய் வந்த குழந்தைகள் நீங்கலாக' என்று அதில் எங்கேயும் போடவில்லை.